போய்வரும் ஒலி: கிட்டார் ப்ராசஸரில் சென்ட், ரிட்டர்ன்

பல கிட்டார் ப்ராசஸர்களின் முதுகில் சென்ட், ரிட்டர்ன் என்று பொறித்த இரண்டு ஜாக் துளைகள் இருக்கும். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை நடுவழியில் எடுத்து, வெளியே இருக்கும் வேறொரு கருவிக்குக் கொடுத்தனுப்புவது சென்ட். அந்தக் கருவி தன் வேலையை முடித்துத் திருப்பித் தருவதை வாங்கி, எடுத்த இடத்திலேயே சேர்ப்பது ரிட்டர்ன். இந்தப் போக்குவரத்துக்கு லூப் என்று பெயர். விழுப்புரம் ரயில் சந்திப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மெயின் லைனிலிருந்து பிரிந்து சற்று தூரம் ஒதுங்கி ஓடி மறுபடி மெயின் லைனிலேயே சேரும் தண்டவாளத்தை அவர்களும் லூப் லைன் என்றுதான் சொல்கிறார்கள். பாயின்ட்டைத் திருப்பினால் வண்டி லூப்பில் போகும். இல்லாவிட்டால் நேரே போகும். ப்ராசஸரில் அந்தப் பாயின்ட் வாசிப்பவரின் காலடியில் இருக்கும் ஸ்விட்ச்.

இந்த ஏற்பாடு முதலில் வந்தது ஆம்ப்ளிஃபயரில். கிட்டார் ஆம்ப் என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கருவிகள். முன்பாதியான ப்ரீஆம்ப் ஒலிக்கு நிறம் கொடுக்கிறது, கூட்டினால் டிஸ்டார்ஷனும் தருகிறது. பின்பாதியான பவர் ஆம்ப் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. எதிரொலி தரும் டிலே பெடலை ஆம்பின் வாசலில் வைத்தால், எதிரொலிகளும் மூல ஒலியும் ஒன்றாகவே ப்ரீஆம்புக்குள் போய் ஒன்றாகவே உடைகின்றன. தனித்தனியாகக் கேட்க வேண்டிய எதிரொலிகள் கூழாகிவிடும். ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே டிலேயை வைத்தால் உடைந்த ஒலிக்குத் தெளிவான எதிரொலி கிடைக்கும். அதற்காக அந்த இடத்தில் வெட்டித் திறந்த வாசல்தான் லூப். மேசா பூகி நிறுவனத்தின் மார்க் வரிசை ஆம்ப்களில் 1980களின் தொடக்கத்திலேயே அது இருந்தது.

பல எஃபெக்ட்களை ஒரே பெட்டியில் அடக்கும் ப்ராசஸர்கள் பெருகியபோது இந்த வாசல் அவற்றுக்கும் வந்தது. பாஸ் நிறுவனம் எம்இ-5 என்ற மல்டி எஃபெக்ட்டை 1988இல் வெளியிட்டது. அதன் பிறகு வந்த கருவிகளில் லூப் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடவில்லை. பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர் போன்ற சிறிய பெட்டிகளில் அது கிடையாது. 2012இல் வந்த ஜிடி-100இல் ஒன்று உண்டு. 2018இல் வந்த ஜிடி-1000இல் இரண்டு. லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் 2015இல் நான்கு ஜோடிகளோடு வந்தது. அதன் தம்பியான எச்எக்ஸ் ஸ்டாம்ப்பில் ஒரு ஸ்டீரியோ லூப் மட்டும். செகண்ட் ஹேண்டில் ப்ராசஸர் வாங்கப் போகிறவர் திரையையும், பேட்ச் எனப்படும் சேமித்த ஒலி அமைப்புகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பி முதுகைப் பார்ப்பது நல்லது. பேட்ச்களைப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். இல்லாத துளையைப் பிறகு போட முடியாது.

ஆம்பில் உள்ள லூப்புக்கும் டிஜிட்டல் ப்ராசஸரில் உள்ள லூப்புக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆம்பில் அது கம்பியில் விழுந்த வெட்டு, இடம் மாறாது. ப்ராசஸருக்குள் ஒலி எண்களாக ஓடுகிறது. ஹீலிக்ஸில் விநாடிக்கு 48,000 மாதிரிகள். 44,100 எடுக்கும் கருவிகளும் உண்டு. சென்ட்டில் அந்த எண்கள் மறுபடி மின்னழுத்தமாகி வெளியே வருகின்றன. ரிட்டர்னில் மின்னழுத்தம் மறுபடி எண்ணாகி உள்ளே போகிறது. ஆகவே லூப் என்பது மென்பொருளில் ஒரு கட்டம். வா பெடலுக்குப் பின்னால், டிஸ்டார்ஷனுக்கு முன்னால், ரிவர்ப்புக்கு அப்புறம் என்று எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பாட்டுக்குப் பாட்டு இடத்தை மாற்றி ஒவ்வொரு பேட்ச்சிலும் தனித்தனியாகச் சேமிக்கலாம். இதே சௌகரியத்தில்தான் பின்னால் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி ஒளிந்திருக்கிறது.

இந்த ஜாக்குகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது நான்கு கேபிள் முறை. கிட்டார் ப்ராசஸரின் இன்புட்டுக்குப் போகிறது. ப்ராசஸரின் சென்ட் ஆம்பின் முன்வாசலுக்கு. ஆம்பின் சென்ட் ப்ராசஸரின் ரிட்டர்னுக்கு. ப்ராசஸரின் அவுட்புட் ஆம்பின் ரிட்டர்னுக்கு. இப்படிச் செருகினால் ஆம்பின் ப்ரீஆம்ப் முழுவதும் ப்ராசஸருக்குள் ஒரு கட்டமாக உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு முன்னால் வா, ஓவர்டிரைவ். பின்னால் டிலே, ரிவர்ப். அழகான முறைதான். ஆனால் அது சொந்த ஆம்பைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் மேடைக்கு உரியது.

விழுப்புரம் வட்டாரத்து மேடை வேறு மாதிரி. ஆடி மாதக் கூழ்வார்த்தல், அமாவாசைக் கூட்டம், கல்யாண வரவேற்பு என்று இன்னிசைக் குழு போகிற இடங்களில் மேடையையும் ஒலியையும் மைக்செட்காரர் கொண்டுவருகிறார். கிட்டாருக்கென்று ஆம்ப் அநேகமாக இருக்காது. கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டிஐ பாக்ஸ், அதிலிருந்து மிக்ஸருக்கு ஒரு லைன், காலருகே ஒரு மானிட்டர், அவ்வளவுதான். வேனில் கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் பாடகர்களுக்கும் போக மிச்சமிருக்கும் இடத்தில் வால்வு ஆம்புக்கு இடம் எங்கே? நிரந்தரமாக ஆம்ப் வைத்திருக்கும் இடம் என்றால் தேவாலயத்தைச் சொல்லலாம். அமெரிக்கன் ஆற்காடு மிஷன் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய ஊர் திண்டிவனம். அந்த மிஷனின் ஸ்கடர் குடும்பத்தின் பெயரை வால்டர் ஸ்கடர் பள்ளி இன்னும் தாங்கி நிற்கிறது. இந்தப் பக்கத்துக் கிட்டார் கலைஞர்களில் தேவாலயப் பாடகர் குழுவில் விரல் பழகியவர்கள் உண்டு. ஞாயிறு காலை அங்கே நிற்கும் ஆம்போடு நான்கு கேபிள் முறையைப் பழகிவிட்டு, சனிக்கிழமை ராத்திரி மேடையில் அதே பேட்ச்சைப் போட்டால் லூப் கட்டம் திறந்திருக்கும், எதிரே ஆம்ப் இருக்காது, ஒலி வெளியே போய்த் திரும்பி வராது. தேவாலயத்துக்கு ஒரு பேட்ச் வரிசை, மேடைக்கு ஒன்று என்று பிரித்து வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

ஆம்ப் இல்லாத மேடையில் லூப்புக்கு என்ன வேலை என்று கேட்டால், மூன்று வேலைகள் உண்டு. நான்கு கேபிள் முறையைவிட இவை இந்த ஊர்களுக்கு அதிகம் பயன்படுபவை.

முதலாவது, கையில் இருக்கும் பழைய அனலாக் பெடலை ப்ராசஸருக்குள் சேர்த்துக்கொள்வது. ஒரே ஒரு ஓவர்டிரைவ் பெடலின் குரலுக்குப் பழகிய விரல்கள் ப்ராசஸரின் நகலை எளிதில் ஏற்காது. அந்தப் பெடலை சென்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே வைத்து, எப்போதும் ஆன் செய்தே விட்டுவிட வேண்டும். லூப் கட்டத்தைப் பேட்ச்சில் திறந்தால் பெடல் கேட்கும், மூடினால் கேட்காது. கோரஸை அணைத்து, ஓவர்டிரைவை ஏற்றி, டிலேயின் வேகத்தை மாற்றுவது என்று மூன்று மிதி மிதிக்க வேண்டிய இடத்தில் ஒரே மிதி போதும். ஒரு ராத்திரியில் முப்பது பாட்டுக்கு மேல் போகும் கச்சேரியில் இது சின்ன விஷயமில்லை.

எல்லாப் பெடலும் லூப்பில் வாழாது. பழைய மாதிரி ஃபஸ் பெடல்களுக்குக் கிட்டாரின் பிக்கப் நேரடியாக எதிரே இருக்க வேண்டும். அவற்றின் இன்புட் இம்பிடன்ஸ் (மின்மறுப்பு) மிகக் குறைவு; பிக்கப்பும் பெடலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதில்தான் அந்த உறுமல் பிறக்கிறது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் சுத்தமாவதும் அதனால்தான். சென்ட்டிலிருந்து வரும் ஒலிக்கு அந்த உறவு தெரியாது. பெடல் கீச்சென்று கத்தும், வால்யூமைத் திருகினாலும் கேட்காது. அதைக் கிட்டாருக்கும் ப்ராசஸரின் இன்புட்டுக்கும் நடுவே வைப்பதே சரி. மற்றபடி, சென்ட் ஜாக்கின் குறைந்த இம்பிடன்ஸ் மற்ற பெடல்களுக்கு நன்மைதான். சாதாரணக் கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கொள்திறன் இருக்கும். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நீள நீள மேல்ஸ்தாயி மங்கும். சென்ட்டிலிருந்து போகும் கேபிள் மேடையின் மறுகோடி வரை நீண்டாலும் அப்படி மங்காது.

இரண்டாவது வேலை, ஒரே கிட்டாரிலிருந்து இரண்டு விதமான ஒலியை இரண்டு இடத்துக்கு அனுப்புவது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதிகம் பாடாது. மைக்செட்டின் பெரிய பெட்டிகளோ ட்வீட்டரோடு முழுவதையும் பாடும். டிஸ்டார்ஷனை அப்படியே அவற்றில் விட்டால் தகரத்தை ஆணியால் கீறுவது போலிருக்கும். அதற்காகத்தான் ப்ராசஸரின் கடைசியில் கேபினட் சிமுலேஷன் என்ற கட்டம். ஆனால் மேடையில் தனக்காக ஒரு சின்ன கிட்டார் ஆம்பை வைத்துக்கொள்கிறவருக்கு அது தேவையில்லை. ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கர் வைத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல ஆகும். கேபினட் கட்டத்துக்கு முன்னால் சென்ட்டைத் திறந்து, அங்கிருந்து சின்ன ஆம்புக்கு ஒரு கேபிள், மெயின் அவுட்புட்டிலிருந்து மிக்ஸருக்கு ஒரு கேபிள் என்று பிரித்துவிட்டால் வாசிப்பவருக்கும் மைக்செட்காரருக்கும் நிம்மதி. ஜிடி-100இன் லூப்புக்கு மூன்று நிலைகள் உண்டு: நார்மல், டைரக்ட் மிக்ஸ், பிராஞ்ச் அவுட். நார்மலில் ஒலி முழுவதும் வெளியே போய் வருகிறது. டைரக்ட் மிக்ஸில் போய் வந்ததும் போகாததும் கலக்கின்றன. பிராஞ்ச் அவுட்டில் சென்ட் ஒரு கிளையாக மட்டும் பிரிகிறது. மூல ஒலி தன் வழியே தொடர்கிறது, ரிட்டர்னை ப்ராசஸர் கண்டுகொள்வதில்லை. மேடைக்கு இதுதான் வேண்டும். ஹீலிக்ஸ் குடும்பத்தில் சென்ட், ரிட்டர்ன், இரண்டும் சேர்ந்த லூப் என மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். சென்ட் கட்டத்தை மட்டும் வைத்தால் அதே பிராஞ்ச்தான்.

மூன்றாவது, ரிட்டர்னை இரண்டாவது இன்புட்டாக வைத்துக்கொள்வது. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ வந்தது 1982இல். அதன் அகூஸ்டிக் கிட்டாருக்காகவே அந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்புகிறவர்கள் இன்றும் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த பாட்டு டிஸ்டார்ஷன் கேட்கும் குத்துப்பாட்டாக இருக்கும். தோளில் எலெக்ட்ரிக், ஸ்டாண்டில் அகூஸ்டிக் என்று இரண்டு கிட்டாரோடு வருகிறவர் ஒரே கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் ஒவ்வொரு தடவையும் பாக்ஸில் பட்டாசு வெடிக்கும். ஹீலிக்ஸ், எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவற்றில் ஒரு பேட்ச்சின் தொடக்கத்தையே ரிட்டர்னிலிருந்து வாங்கச் சொல்லலாம். அகூஸ்டிக் எப்போதும் ரிட்டர்னில் செருகியே இருக்கும். பேட்ச் மாறினால் கிட்டார் மாறும். ஸ்டாம்ப்பில் அதே ரிட்டர்ன்கள் வெளியிலிருந்து ட்ராக் வாங்கும் ஆக்ஸ் இன்புட்டாகவும் வேலை செய்யும்.

இங்கே கவனிக்க வேண்டியது கிட்டாரின் வகை. பேட்டரியோடு ப்ரீஆம்ப் பொருத்திய செமி அகூஸ்டிக்குக்கு ரிட்டர்ன் ஒத்துப்போகும். வெறும் பீசோ தகட்டை ஒட்டி ஜாக் வைத்த கிட்டார் ஒத்துப்போகாது. பீசோ ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்கிறது. அதற்கு எதிரே மெகா ஓம் கணக்கில் இம்பிடன்ஸ் வேண்டும். கிட்டார் இன்புட் பொதுவாக 1 மெகா ஓம். ரிட்டர்ன் லைன் கருவிகளுக்காகச் செய்தது, அவ்வளவு இருக்காது. அதில் செருகினால் கீழ்ஸ்தாயி முழுவதும் ஒழுகிப்போய்ப் பிளாஸ்டிக் பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கும். கிட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

லூப்பில் வரும் தொல்லைகளில் தலையானது லெவல். கிட்டாரிலிருந்து வருவது மெதுவான வருடலுக்கு 0.1 வோல்ட்டுக்கும் கீழே, வேகமான அடிக்கு 1 வோல்ட் அளவிலும் போகும். ஸ்டூடியோக் கருவிகளின் லைன் லெவலோ சராசரியே 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளுக்கு 0.316 வோல்ட். பெரிய ப்ராசஸர்களில் சென்ட், ரிட்டர்ன் ஒவ்வொன்றுக்கும் இன்ஸ்ட்ருமென்ட், லைன் என்ற தேர்வு இருக்கும். பெடலுக்கு லைன் லெவலில் அனுப்பினால், ஓவர்டிரைவ் என்றால் ‘நன்றாக இருக்கிறது’ என்று ஏமாந்துபோகலாம், டிலே என்றால் கரகரக்கும். லைன் லெவலை எதிர்பார்க்கும் ராக் (rack) டிலேக்கு இன்ஸ்ட்ருமென்ட் லெவலில் அனுப்பினால் ஒலி ஒல்லியாகிப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் ஏறும். சரிபார்க்க ஒரே வழி போதும். பெடல் எதுவும் வேண்டாம்; சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சிறிய பேட்ச் கேபிளை நேராகப் போட்டு, லூப் கட்டத்தைத் திறந்தும் மூடியும் கேட்க வேண்டும். சத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வித்தியாசம் இருந்தால் சென்ட், ரிட்டர்ன் லெவல்களைச் சரிசெய்து சமமாக்கிக்கொண்டு, அதன் பிறகே பெடலை நடுவே வைக்க வேண்டும். இதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். மேடையில் பெடலையும் லெவலையும் ஒன்றாகத் திருகுகிறவருக்கு எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது.

அடுத்தது காலதாமதம். டிஜிட்டலிலிருந்து வெளியே போய்த் திரும்பி உள்ளே வர ஒன்றிரண்டு மில்லி விநாடி ஆகும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் மானிட்டரிலிருந்து காதுக்கு வர 9 மில்லி விநாடி ஆவதை யாரும் குறை சொல்வதில்லை. ஆகவே ஒலி முழுவதும் லூப் வழியே போய்வரும் சீரீஸ் முறையில் இந்தத் தாமதம் ஒரு பொருட்டில்லை. பேரலல் முறையில், அதாவது பாதி ஒலி நேரே போய்ப் பாதி லூப் வழியே வந்து கலக்கும்போது, கதை மாறுகிறது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு பாதை: விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன், மயிலாடுதுறை வழியாகச் சுற்றும் மெயின் லைன். ஒரே நேரத்தில் புறப்பட்ட இரண்டு வண்டிகள் திருச்சியில் ஒன்றாகச் சேராது. ஒலிக்கும் அதே கதி. 1 மில்லி விநாடி பிந்தி வந்த ஒலி, பிந்தாத ஒலியோடு கலந்தால் 500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிறகு 1,500இல், 2,500இல் என்று சீப்பின் பல் போலப் பள்ளம் விழும். தாமதம் 2 மில்லி விநாடியானால் பள்ளங்கள் 250, 750, 1,250 ஹெர்ட்ஸுக்கு இறங்கிக் கிட்டாரின் வயிற்றிலேயே விழுகின்றன. கேட்பவருக்குக் குழாய்க்குள்ளிருந்து வாசிப்பது போலத் தோன்றும். சில பெடல்கள் ஒலியைத் தலைகீழாகப் புரட்டித் தருவதும் உண்டு. அப்போது அடிநாதமே காணாமல் போகும்.

ஓவர்டிரைவ், கம்ப்ரசர், ஈக்வலைசர் எல்லாம் சீரீஸில்தான் இருக்க வேண்டும். டிலேயும் ரிவர்ப்பும் பேரலலில் இருக்கலாம், அதுவும் வெளிக் கருவியில் மூல ஒலியை அறவே நிறுத்தி எதிரொலியை மட்டும் திருப்பச் சொன்னால். மைக்செட்காரருக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டாம். பாடகரின் குரலை ஆக்ஸ் சென்ட் வழியாக எக்கோவுக்கு அனுப்பி, எக்கோவை மட்டும் வேறு சேனலில் வாங்கிக் கலப்பதை அவர் காலம் காலமாகச் செய்துவருகிறார். கிட்டார் ப்ராசஸரின் பேரலல் லூப் அவருடைய மிக்ஸரின் குட்டி நகல்தான். இந்த விஷயத்தில் கிட்டார்காரர் மைக்செட்காரரிடம் பாடம் கேட்பது கௌரவக் குறைவில்லை.

உறுமல் அடுத்த தொல்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதிலிருந்து வரும் உறுமல் 50இலும் 100இலும் நிற்கும். ஆறாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதைவிடச் சற்றே தூக்கலாக ஒரு சுருதி மேடையில் ஓடிக்கொண்டிருந்தால் அது கரண்ட்டின் சுருதி. லூப்பில் இது ஏன் அதிகம் என்றால், ஒவ்வொரு கேபிளின் ஷீல்டும் ஓர் எர்த் பாதை. வெளிக் கருவி தனி அடாப்டரில் எர்த்தோடு இணைந்திருந்தால் சென்ட் ஷீல்டு, ரிட்டர்ன் ஷீல்டு, மெயின்ஸ் எர்த் எல்லாம் சேர்ந்து ஒரு வளையமாகிறது. அந்த வளையத்துக்குள் ஜெனரேட்டரின் காந்தப்புலம் புகுந்து பாடுகிறது. இரண்டு கேபிளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி ஓட்டினால் வளையத்தின் பரப்பு குறையும், பாதி உறுமல் அப்போதே அடங்கும். மிச்சத்துக்கு சென்ட் கேபிளில் ஒரு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம். ப்ராசஸருக்கும் அனலாக் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்தால் உறுமலுக்குப் பதிலாகக் கொசு போல ஒரு கீச்சு வரும். அது டிஜிட்டல் பெட்டியின் உள்சத்தம், தனி அடாப்டர் கொடுத்தால் போய்விடும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. பவர் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கி உறுமலை நிறுத்துவது. பந்தல் மேடையில் ஜெனரேட்டருக்கே எர்த் கம்பி ஒழுங்காக அடித்திருக்காது. மைக் ஒரு பக்கத்து லைனிலும் கிட்டார் மறு பக்கத்து லைனிலும் இருக்கும்போது, தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தால் சுரீரென்று இழுப்பதை வாசித்துக்கொண்டே பாடுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். உறுமலோடு வாசிக்கலாம். எர்த் இல்லாமல் வாசிக்கக் கூடாது.

இரைச்சலை அடக்கும் கேட் பெடலுக்கும் லூப்புக்கும் ஒரு நல்ல உறவு உண்டு. பாஸ் நிறுவனத்தின் என்எஸ்-2 பெடலுக்குச் சொந்தமாகவே சென்ட், ரிட்டர்ன் இருக்கின்றன. இரைச்சல் போடும் டிஸ்டார்ஷனை அதன் லூப்புக்குள் வைத்தால், பெடல் கிட்டாரின் சுத்தமான ஒலியைப் பார்த்தே கதவைத் திறந்து மூடும். மூடுவது மட்டும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால். நீண்டு தேயும் ஸ்வரத்தின் வால் அறுபடாமலிருக்க இதுவே காரணம்.

மரக்காணம் உப்பளங்களின் காற்று வீசும் கிழக்குப் பக்கத்து ஊர்களில் ஜாக்குகளுக்கு ஆயுள் குறைவு. பித்தளையும் நிக்கலும் மங்கிப் பச்சை பூக்கும். ஆம்பின் ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. எதுவும் செருகாதபோது அது சென்ட்டையும் ரிட்டர்னையும் உள்ளேயே சேர்த்துவைக்கும், செருகினால் பிரிக்கும். யாரும் பல வருஷம் பயன்படுத்தாத லூப்பில் அந்த ஸ்விட்ச்சின் நாக்கு கறுத்துப்போய், ஆம்ப் சில நேரம் பாடும், சில நேரம் முனகும். வால்வு போய்விட்டது, ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று செலவுக்கணக்கு எழுதுவதற்கு முன், சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு பேட்ச் கேபிளைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒலி திரும்பினால் குற்றவாளி அந்த நாக்குதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து ஜாக் பின்னைப் பத்துத் தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் தீரும். தேவாலயத்தில் ஓரமாக நிற்கும் ஆம்ப்களில் இந்தச் சீக்கு அதிகம்.

டிஜிட்டல் ப்ராசஸரில் பல மாடல்களுக்கு இந்த உள் ஸ்விட்ச் உதவி கிடையாது. லூப் கட்டம் சீரீஸில் திறந்திருந்து, வெளியே எங்காவது கம்பி அறுந்திருந்தால் முழு அமைதிதான். திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரில் ஆடி மாதக் கச்சேரி ஒன்றில் நாலாவது பாட்டின் இடையிசையில் கிட்டார் திடீரென்று மறைந்தது. ‘அண்ணா, லைன் வரல’ என்று மிக்ஸரிலிருந்து சைகை. கேபிளை மாற்றினார்கள், டிஐ பாக்ஸை மாற்றினார்கள், சேனலை மாற்றினார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது: லூப்பில் இருந்த பெடலின் அடாப்டரைப் பிடுங்கி, அந்த இடத்தில் யாரோ செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தார்கள். முதல் மூன்று பாட்டின் பேட்ச்சில் லூப் மூடியிருந்தது, நாலாவதில் திறந்தது. ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்து வைத்திருந்தால், கரண்ட் போனாலும் ஒலி கம்பியில் போவது போல ஊடே போயிருக்கும். பஃபர் வைத்த பெடல் கரண்ட் இல்லாவிட்டால் ஒலியை ஊடே விடாது. பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது சாதி.

அன்றிலிருந்து அந்தக் குழுவின் ப்ராசஸரில் கடைசி பேட்ச்சுக்கு லூப்பே கிடையாது. சுத்தமான ஒலி, கொஞ்சம் ரிவர்ப், அவ்வளவுதான். ஒலி நின்றால் முதலில் அந்தப் பேட்ச்சுக்குப் போக வேண்டும். அங்கே ஒலி வந்தால் கோளாறு லூப்பில். வராவிட்டால் கிட்டார் கேபிளிலோ மிக்ஸர் பக்கமோ. ஐந்து விநாடியில் பாதி மேடையைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம்.

ஸ்டீரியோ ஜாக்கிலும் ஒரு குழி உண்டு. எச்எக்ஸ் ஸ்டாம்ப்பில் இடது, வலது சென்ட் இரண்டும் ஒரே துளையில் வருகின்றன. அதில் சாதாரண மோனோ பின்னைச் செருகினால் இடது மட்டும் வரும். ஒரு பெடலுக்கு அது போதும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரு முனையில் மூன்று தொடர்பும் மறுமுனையில் இரண்டு மோனோ பின்னும் உள்ள ஒய் கேபிள் வேண்டும். கடையில் அதே உருவத்தில் ஹெட்போன் நீட்டிப்புக் கேபிளும் மிக்ஸர் இன்சர்ட் கேபிளும் தொங்கும். இன்சர்ட் கேபிளில் முனை சென்ட்டும் வளையம் ரிட்டர்னுமாக இருக்கும். கம்பி அமைப்பு ஒய் கேபிளுடையதே என்பதால் அது உதவும். நீட்டிப்புக் கேபிள் உதவாது. வெளியூர் போகிற மேடையில் மைக்செட் பெரும்பாலும் மோனோதான் என்பதால், ஸ்டீரியோ லூப்புக்குச் செலவழிக்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். சாமி புறப்பாடு முடிந்து, பிரமுகர்கள் பேசி, கச்சேரி தொடங்கவே எட்டரை ஆகிவிடும் ஊரில் சவுண்ட் செக்குக்குக் கிட்டாருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் லூப் உள்ள பேட்ச் ஒன்று, இல்லாத பேட்ச் ஒன்று, அகூஸ்டிக் பேட்ச் ஒன்று என்று மூன்றையும் வாசித்து மிக்ஸரில் ஒரே அளவு லெவல் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சென்ட் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப், ரிட்டர்னுக்கு மஞ்சள் டேப். இருட்டில் மேடைக்குப் பின்னால் குனிந்து செருகும்போது எழுத்து தெரியாது, நிறம் தெரியும். பையின் ஓரத்தில் அரை அடி பேட்ச் கேபிள் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். நடுவே பெடல் செத்துப்போனால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு இந்தத் துண்டைப் போட்டால், பேட்ச்கள் எதையும் மாற்றாமல் மிச்சக் கச்சேரியை வாசித்து முடிக்கலாம்.